மீண்டு வந்தவனும் மகனும்

புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் கடமைகளை வரிசைப்படுத்துகிறார். தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர்க்குரியவற்றைக் கூறி, இளைஞன் களத்தில் வென்று மீள்வதோடு பாடலை நிறைவு செய்கிறார். மீண்டவன்பால் நாம் ஆற்றவேண்டிய கடமை யாது? இவ்வினா இன்று நீதிமன்ற வாயிலிலும் எழுகின்றது.

இராசபாளையத்தில் வளரும் சிறுவன் ஒருவனின் பொறுப்பைக் கோரிப் பெற்றோர் வழக்காடுவராயின், அவர்கள் செல்லவேண்டிய ஊர் மாவட்ட நீதிமன்றம் அமைந்துள்ள திருவில்லிபுத்தூர். அத்தந்தை எல்லையில் பணியாற்றித் திரும்பிய படைவீரராக இருக்கக்கூடும். உறக்கமின்மை, வெடியோசை கேட்டால் நடுக்கம், காரணமற்ற சினம் ஆகியன அவரை வாட்டக்கூடும். இதனைப் பேரதிர்ச்சியால் விளையும் தனி மனநோயென அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் ஏற்றதே 1980இல்தான். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி உடற்புண்ணுக்கு உதவும். உள்ளத்துப் புண்ணுக்கு மருத்துவமும் பரிவுமே கட்டு.

மருத்துவரை நாடினார் என்பதையே தந்தைக்கு எதிரான சான்றாக நீட்டுவது அறமன்று. முன்பு சிகிச்சை பெற்றமை மட்டுமே ஒருவரை இன்று மனநோயாளர் எனத் தீர்மானிக்கப் போதாது என்றும், மனநோய் உண்டு என்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் ஆகிவிடார் என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகின்றது. மகனை இழக்க நேருமோ என அஞ்சும் வீரர் நோயை மறைப்பார்; மறைத்த நோய் முற்றும்; அதனால் முதலில் துன்புறுபவன் அம்மகனே.

எனினும், தாயின் அச்சத்தைப் பொய்யெனத் தள்ளுதலும் தகாது. தந்தையின் கை ஓங்கிய வீட்டில் பதக்கம் சான்றாகாது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் அல்லர், அவர்தம் நலனே முதன்மையானது என உச்ச நீதிமன்றம் 1973இல் ரோசி ஜேக்கப் வழக்கில் தெளிவுறுத்தியது. சிந்தித்துச் சொல்லும் வயதினனாயின் சிறுவனின் விருப்பத்தையும் கருதலாமென 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமே கூறுகின்றது.

ஆகவே, தந்தையின் இன்றைய நடத்தையையும் மருத்துவரின் கருத்தையும் கொண்டே முடிவு காணல் வேண்டும். ஐயம் இருப்பின், பிறர் முன்னிலையில் சில மணி நேரச் சந்திப்பில் தொடங்கிப் படிப்படியாக உரிமையை வளர்க்கலாம். மகனைச் சான்றோனாக்கும் கடமையைப் புலவர் தந்தைக்கே வைத்தார். அக்கடமையை ஆற்ற விழைபவரைப் 'பித்தர்' என ஒதுக்காமல், மருத்துவமனைக்கும் மகனிடத்திற்கும் உடன் அழைத்துச் செல்லுதல் ஊர்ப் பெரியோர்க்கும் இளைஞர்க்கும் கடனன்றோ?