போகித் தீயில் போகும் பொருள்

போகி வருகிறது என்றால் பரண் காலியாகும். கால் ஒடிந்த நாற்காலி, கிழிந்த பாய், பழைய கதவு, தேய்ந்த டயர் எல்லாம் தெருவுக்கு வரும். விடியற்காலையில் தீ வைப்பார்கள். பிள்ளைகள் மேளம் கொட்டுவார்கள்.

பொழுது விடிந்ததும் மிஞ்சுவது என்ன? ஒரு பிடி சாம்பல். ஊர் முழுவதும் புகை. மூச்சுத் திணறும் முதியவர்கள், இருமும் குழந்தைகள்.

2018ஆம் ஆண்டு போகி அன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து கவிந்தன. விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியமும் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது.

எரிந்தது குப்பையா?

புகை ஒரு பக்கம் இருக்கட்டும். எரிந்தது உண்மையிலேயே குப்பைதானா?

பழைய கதவு நல்ல தேக்காக இருக்கலாம். பல ஆண்டு காய்ந்த மரம் எளிதில் வளையாது. இன்று மலிவாகக் கிடைக்கும் மரத்தூள் பலகையோ, தண்ணீர் பட்டால் உப்பிவிடும்.

காரைக்குடிக்குப் போனால் பழைய மரத்தின் மதிப்புத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் இருந்த பர்மா தேக்குக் கதவுகளும் தூண்களும் அங்கே பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு இருக்கின்றன. வசதி உள்ளவர்கள் அவற்றைத் தேடிப் போய் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

பணக்காரர் பழைய மரத்தைப் பணம் கொடுத்து வாங்குகிறார். ஏழை அதைக் கொளுத்திவிட்டு, தவணையில் புது அலமாரி வாங்குகிறார். இது என்ன கணக்கு?

என்ன செய்யலாம்?

உளுக்காத கதவு ஒன்று இருந்தால், தச்சரைக் கூப்பிட்டு பெஞ்சு செய்யச் சொல்லலாம். மிஞ்சும் துண்டில் மணை செய்யலாம். பழைய டயரின் மேலும் கீழும் பலகை அடித்து, கயிறு சுற்றினால் உட்கார மோடா தயார். கிழிந்த புடவையைப் பின்னினால் கால்மிதி. வீட்டுக்குச் சாமான், தச்சருக்குக் கூலி.

கவனம் தேவை

ஆனால், பழையது எல்லாம் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஆகவே பழைய கதவை உலர்ந்தபடி சுரண்டக் கூடாது. தண்ணீர் தெளித்துச் சுரண்ட வேண்டும். அந்தத் தூள் குழந்தைகளுக்கு நஞ்சு. குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

வெளிநாட்டுச் சரக்கோடு வரும் பலகைகளில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். அதன் அருகில் 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடு காட்டிய மரம். 'எம்.பி.' என்று இருந்தால் நச்சு வாயு செலுத்திய மரம். அதை வீட்டில் சேர்க்க வேண்டாம்.

டயரை மழையில் போட்டு வைக்கக் கூடாது. தேங்கும் நீரில் டெங்கு கொசு முட்டையிடும். பூச்சிமருந்து டப்பாவை எதற்குமே பயன்படுத்தக் கூடாது.

அழுக்கைக் கழிப்பதுதான் போகி. உழைத்துச் சேர்த்த பொருளைக் கொளுத்துவது போகி அல்ல. அடுத்த போகிக்குத் தீப்பெட்டியைத் தேடும் முன், தச்சரைத் தேடுங்கள்!