“அவர்தான் எழும்பி விழுந்தார்” என்பது ஒரு பதிலா?

ஐ.சி.யூ.வில் இருக்கும் நோயாளி கட்டிலால் விழுந்துவிட்டால் சொந்தக்காரருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: “சொல்லச் சொல்லக் கேக்கல்ல, அவர்தான் எழும்பி விழுந்தார்.” நாமும் நஸீப் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறோம்.

கொஞ்சம் யோசியுங்கள். ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பவர் எழும்ப மாட்டார். மயக்க மருந்தைக் குறைத்து, வெண்டிலேட்டரைக் கழற்றி, ஆள் தேறி வரும் நேரம்தான் ஆபத்தான நேரம். நாட்கணக்கில் படுத்ததில் காலில் பலமில்லை. இரவா பகலா தெரியாது. மூளை குழம்பிப் போயிருக்கும். வைத்தியர்கள் இதை டெலிரியம் என்பார்கள். சலக்குழாய் போட்டிருந்தாலும் சலம் முட்டுவது போலவே இருக்கும். அவர் எழும்பத்தான் பார்ப்பார். இது வைத்தியசாலைக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரிந்தது நடந்தால் அதற்குப் பெயர் விபத்தா?

எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளை மாடிப்படியில் விழுந்தால் “பிள்ளைதான் ஓடியது” என்று நான் தப்ப முடியுமா? கடமையில் நின்ற ஆசிரியர் யார் என்றுதானே கேட்பீர்கள்? புத்தி தெளியாத நோயாளிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

“கையைக் கட்டிவைத்தால் சரி” என்பவர்களுக்கு: கட்டினால் குழப்பமும் மூர்க்கமும்தான் கூடும். கட்டில் கம்பியை உயர்த்தினாலும் குழம்பியவர் அதற்கு மேலால் ஏறுவார். விழும் உயரம்தான் கூடும்.

தாதியரை ஏசவும் நான் வரவில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் கூட்டமாக நாட்டை விட்டுப் போனார்கள். மிஞ்சியிருப்பவர் ஒரு கட்டிலுக்குத் திரும்பும்போது மற்றக் கட்டிலில் ஆள் எழும்புகிறார். கேள்வி, ஆள் போடாத அதிகாரிகளுக்கு.

அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதியான மெடிகெயார், 2008 ஒக்டோபரிலிருந்து, வைத்தியசாலைக்குள் விழுந்து உண்டான பாரிய காயங்களுக்கு மேலதிகப் பணம் தருவதில்லை. நோயாளி விழுந்தால் பொறுப்பு யாருக்கு என்பதை அங்கே பணத்தால் சொல்லிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் கோடிகள் தேவையில்லை. கட்டிலைத் தாழ்த்தி வையுங்கள். கண்ணாடியையும் காதுக் கருவியையும் திருப்பிக் கொடுங்கள். கண்ணுக்குத் தெரிய ஒரு மணிக்கூடு மாட்டுங்கள். தேறி வருபவருக்குப் பக்கத்தில், தெரிந்த முகம் ஒன்றை இருக்க விடுங்கள்.

உங்கள் வீட்டு ஆள் விழுந்தால் சண்டை பிடிக்க வேண்டாம், கேளுங்கள்: எத்தனை மணிக்கு? பக்கத்தில் யார் இருந்தார்? தலையைச் சோதித்தீர்களா? எழுத்தில் பதிந்தீர்களா? பதில் வரும்வரை விடாதீர்கள். நாம் கேட்காமல் விட்டால் நாளைக்கு அதே கட்டிலால் இன்னொருவர் விழுவார்.