தணிப்பு: கணித்து அமைவதன்று, அளந்தறியத்தக்கது

பாலத்தையோ, இயந்திர மேடையையோ, உயர்ந்த புகைபோக்கியையோ எழுப்பும் எஞ்சினீயர் அதன் மூன்று பண்புகளை அறிந்திருத்தல் வேண்டும். அவை நிறை, விறைப்பு, தணிப்பு என்பன. முதலிரண்டையும் வரைபடத்தைக் கொண்டே பெரும்பாலும் கணக்கிட்டுவிடலாம். மூன்றாவதாகிய தணிப்பு, அதாவது அசைவின் ஆற்றல் சிறிது சிறிதாகக் கழிந்து அதிர்வு அடங்கும் தன்மை, அவ்வாறு கணக்கிற்கு எளிதில் அகப்படுவதன்று. மூட்டுகளின் உராய்வு, கான்கிரீட்டின் நுண்ணிய வெடிப்புகள், தாங்கிகள், அடித்தள மண் ஆகிய பலவும் அதில் பங்கு கொள்கின்றன. ஆதலின் அதை நூலிலிருந்து எடுத்துக்கொள்வதா, எழுந்து நிற்கும் அமைப்பிலேயே அளந்தறிவதா என்னும் வினா எழுகின்றது. அளந்தறிதலே தக்கது என்பதற்கு வலிய சான்றுகள் உள்ளன.

லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே அமைக்கப்பட்ட மில்லேனியம் நடைப்பாலம் 2000ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் திறக்கப்பட்டது. மக்கள் திரளாக நடந்தபோது பாலம் பக்கவாட்டில் அசைந்தது. நடு வளைவில் அசைவு சுமார் 7 சென்டிமீட்டரை எட்டியது. இரண்டே நாட்களில் பாலம் மூடப்பட்டது. அதன் வலிமையில் குறை யாதுமில்லை. குறை தணிப்பிலேயே இருந்தது. பின்னர்ப் பாலத்தின் மீது ஆட்களை நடக்கச் செய்து எண்ணிக்கையைப் படிப்படியாக உயர்த்திச் சோதித்தனர். சுமார் 160 பேர் வரை பாலம் அமைதியாக இருந்தது. அதற்கு மேல் ஒரு சிலரே கூடியபோது அசைவு விரைந்து பெருகியது. பாலம் அசைய, நடப்போர் தம்மையறியாமல் அதற்கேற்ப அடியெடுத்து வைத்து, அசைவிற்கு மேலும் ஆற்றல் ஊட்டுகின்றனர் என்பதும், பாலம் தாங்கவல்ல ஆட்தொகை அதன் தணிப்பிற்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பதும் அச்சோதனைகளால் விளங்கின. முன்பு 1 சதவிகிதத்திற்கும் குறைவாயிருந்த தணிப்பு, 37 பாகுநிலைத் தணிப்பான்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட நிறைத் தணிப்பான்களும் பொருத்தப்பட்டபின் பன்மடங்கு உயர்ந்தது. 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆசிரியர்கள் கருதத்தக்க மற்றொரு சான்று அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம். 1940 ஜூலை 1ஆம் நாள் திறக்கப்பட்ட அது, அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் முறுகியாடி வீழ்ந்தது. இதனை எளிய ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் பல காலமாகக் கூறி வந்தன. அது பொருந்தாது என்பதை 1991இல் பில்லா, ஸ்கேன்லன் என்போர் விளக்கினர். பாலத்தின் முறுகலே காற்றின் விசையை மாற்றியது. அவ்விசை முறுகலை மேலும் வளர்த்தது. தணிப்பு எதிர்க்குறி பெற்றது என்று கூறுவதே உண்மைக்கு நெருங்கியது. தணிப்பு என்னும் கருத்தைப் பாடத்தில் ஒதுக்கிவிட்டு இந்நிகழ்ச்சியைக் கற்பித்தல் இயலாது.

அளக்கும் முறை இன்று அரியதன்று. விசையுணரி பொருத்திய சுத்தியலால் அமைப்பைப் பல இடங்களில் தட்டி, முடுக்கமானியால் அதன் மறுமொழியைப் பதிவு செய்வர். விசையையும் மறுமொழியையும் அதிர்வெண்வாரியாகப் பகுத்து ஒப்பிட்டால், இயற்கை அதிர்வெண்கள் முகடுகளாகத் தோன்றும். முகட்டின் உயரம் 0.707 பங்காகக் குறையும் இரு புறங்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை முகட்டின் அதிர்வெண்ணின் இருமடங்கால் வகுத்தால் தணிப்பு விகிதம் கிட்டும். சுத்தியலால் அசைக்க இயலாத பெரிய பாலங்களுக்குக் காற்றும் போக்குவரத்தும் எழுப்பும் இயல்பான அதிர்வே போதும்.

கருவியே இல்லாத இடத்திலும் ஒரு வழி உண்டு. அசைத்து விட்ட அமைப்பின் வீச்சு எத்தனை அலைவுகளில் பாதியாகிறது என எண்ணி, 11ஐ அவ்வெண்ணால் வகுத்தால் தணிப்பு சதவிகிதத்தில் ஏறத்தாழக் கிட்டும். 10 அலைவுகளில் பாதியானால் தணிப்பு 1.1 சதவிகிதம். ஹாக்ஸா பிளேடு ஒன்றை வைஸில் இறுக்கி, நுனியில் சிறு இரும்புத் துண்டைக் கட்டி அசைத்து, மாணவர்கள் இதனை வகுப்பிலேயே காணலாம். பிறகு அகன்ற அட்டைத் துண்டொன்றைக் காற்றை எதிர்க்குமாறு பிளேடில் ஒட்டினால், அதிர்வெண் பெரிதும் மாறாமலே அலைவுகள் விரைவில் அடங்கும். விறைப்பும் தணிப்பும் வெவ்வேறு என்பதை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

நிலநடுக்க வடிவமைப்பில் 5 சதவிகிதத் தணிப்பைக் கொள்ளும் வழக்கம் இருக்க, அளவை எதற்கு என்று சிலர் வினவலாம். அவ்வெண் வடிவமைப்பிற்கான உடன்பாடேயன்றி, குறிப்பிட்ட கட்டடமொன்றின் உண்மை நிலையைக் கூறுவதன்று. சிற்றசைவில் தணிப்பு குறைவாகவும் பேரசைவில் மிகுதியாகவும் இருப்பது இயல்பு. அளவைகளையும் கண்மூடி நம்புதல் ஆகாது. ஸ்விட்ஸர்லாந்தில் இடிக்கப்படவிருந்த இஸட்-24 என்னும் பாலத்தை 1997-98இல் பல மாதங்கள் தொடர்ந்து அளந்தபோது, கடுங்குளிரில் தார்த்தளம் இறுகியதால் அதிர்வெண்கள் வெகுவாக மாறின. வெப்பநிலையைக் குறிக்காத பதிவு, இல்லாத பழுதை உண்டெனவும், உள்ள பழுதை இல்லையெனவும் காட்டக்கூடும். எனவே அளவையுடன் நாள், நேரம், வெப்பநிலை, அதிர்வின் வீச்சு ஆகியவையும் பதியப்படல் வேண்டும்.

செய்யத்தக்கவை இரண்டு. புதிய பாலமோ பெரிய இயந்திர மேடையோ பயனுக்கு வருமுன், அதன் அதிர்வெண்களையும் தணிப்பையும் அளந்து, கட்டுமான வரைபடங்களோடு சேர்த்துக் காத்தல் வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்திற்கு வரும் களப்பணியாளர், ஒப்பிட முதற்பதிவு இல்லையெனில் எத்துணைச் சிறந்த கருவியைக் கொண்டும் மாறுதலை அறிய இயலாது. இரண்டாவதாக, பள்ளிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஒத்ததிர்வைக் கற்பிக்கும் பாடத்திலேயே தணிப்பை அளக்கும் பயிற்சியையும் சேர்த்தல் வேண்டும். பாலத்தின் மீது நடப்போர் அதன் தணிப்பு எவ்வளவு என்று வினவுவதில்லை. அவர்களுக்காக அதனை அளந்து வைத்தல் பணியாளரின் கடமையாகும்.