வீடு வாங்கினால் பங்குப் பத்திரம் தருவார்கள்!

நியூயார்க்கின் ப்ரூக்ளினில், தென்மேற்கு மூலையில், பே ரிட்ஜ் என்றொரு பகுதி இருக்கிறது. மன்ஹாட்டனிலிருந்து ஆர் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் கடைசி ஸ்டேஷன் அங்கேதான். மேற்கே நாரோஸ் நீரிணை, கரையை ஒட்டி ஷோர் ரோடு, தெற்கே 1964-ல் திறக்கப்பட்ட வெரசானோ பாலம். ஒரு காலத்தில் நார்வேக்காரர்கள் நிறைந்திருந்த இடம். இன்று அரபுக் கடைகளுக்குப் பேர் போனது. 2017 முதல் படகுப் போக்குவரத்தும் உண்டு. இத்தனை இருந்தும் ஊர் அமைதியாகவே இருக்கிறது.

இங்கே பழைய ஆறு மாடிச் செங்கல் கட்டடங்களில் ஸ்டூடியோ வீடுகள் விற்பனைக்கு வரும். ஒரே அறை, ஒரு சின்னச் சமையலறை, ஒரு குளியலறை. அவ்வளவுதான். விலையை மன்ஹாட்டன் விலையோடு ஒப்பிட்டால், தனியாக வாழும் ஓர் ஆசிரியரோ நர்ஸோ துணிந்து ஆசைப்படலாம். ஏன் இவ்வளவு மலிவு? பல வீடுகளுக்குப் பதில் விளம்பரத்தில் உள்ள ஒரே வார்த்தை: கோ-ஆப்.

கோ-ஆப்பில் யாரும் வீட்டை வாங்குவதில்லை. கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். வாங்குபவருக்குக் கிடைப்பது அந்தக் கம்பெனியின் பங்குகளும், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தரும் ஒரு குத்தகைப் பத்திரமும். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. சொத்து வரி, வெந்நீர், குளிர்காலச் சூடேற்றம், காவலாளி சம்பளம், கட்டடத்தின் பேரிலுள்ள கடனுக்கான தவணை எல்லாம் அதில் அடக்கம்.

அந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு பேச்சுக்கு, கம்பெனிக்கு 10,000 பங்குகள், ஸ்டூடியோவுக்கு 100 பங்குகள், கட்டடத்தின் மேல் 30 லட்சம் டாலர் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்த ஒற்றை அறைக்காரர் தலையில் 30,000 டாலர் கடன் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. விளம்பரத்தில் போட்ட விலையில் அது தெரியாது. விலையை மட்டும் பார்த்து மலிவு என்று குதிப்பவர்கள் கம்பெனியின் வரவு செலவுக் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

சரி, கணக்கும் சரியாக இருக்கிறது, பணமும் தயார். வாங்கிவிடலாமா? முடியாது. குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்த போர்டு ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வங்கி இருப்பு, சிபாரிசுக் கடிதங்கள் எல்லாவற்றையும் கேட்கும். நேர்காணல் வைக்கும். பிறகு "இல்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடவும் கூடும். பாடகி மடோன்னாவுக்கே 1985-ல் மன்ஹாட்டனின் சான் ரெமோ கட்டடத்தில் இடம் கிடைக்கவில்லை. அவருக்கு வேறு வீடு கிடைத்துவிடும். ஐந்து வருடம் சேர்த்த பணத்தோடு வரும் நர்ஸுக்கு?

போர்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருவர் கட்டணத்தை நிறுத்தினால் அந்தச் சுமை பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையில்தான் விழும். அதனால் வருமானத்தைத் துருவிப் பார்ப்பதில் தப்பே இல்லை. வாங்கி வாங்கி வாடகைக்கு விடுகிறவர்களைப் பல கட்டடங்கள் தடுப்பதும் நல்லதே. இந்தக் கட்டுப்பாடுகளை விரும்பாதவர்கள் விலகிப் போவதால்தான் விலையும் ஓரளவு அடங்கி நிற்கிறது. போர்டில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் அண்டை வீட்டார் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் கேள்வி கேட்பது வேறு, காரணத்தை மறைப்பது வேறு. இன நிறத்தையும் மதத்தையும் காட்டி வீடு மறுக்கக்கூடாது என்று அமெரிக்கச் சட்டம் 1968-லேயே சொல்லிவிட்டது. போர்டு காரணமே சொல்லாவிட்டால், மறுத்தது வங்கி இருப்பைப் பார்த்தா, பெயரைப் பார்த்தா என்று எப்படித் தெரியும்? நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவென்றால் போர்டின் தீர்மானத்தில் தலையிடுவதில்லை என்பதுதான் 1990-ல் நியூயார்க் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் வகுத்த பொதுவான நிலை. நல்லெண்ணம் இல்லை என்று நிரூபிப்பது யார் பொறுப்பு? வெளியே நிற்பவர் பொறுப்பு. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல்!

இதில் வேடிக்கை, கோ-ஆப் என்ற யோசனையே வெளியே நின்றவர்களுடையது. பே ரிட்ஜுக்குப் பக்கத்திலுள்ள சன்செட் பார்க்கில், 1916-ல் பின்லாந்துக் குடியேறிகள் கைக்காசைப் போட்டு ஒரு கட்டடம் கட்டினார்கள். அதற்கு 'ஆல்கு' என்று பெயர். ஃபின்னிஷ் மொழியில் 'தொடக்கம்' என்று அர்த்தம். 1927-ல் ஆடைத் தொழிலாளர் சங்கம் பிராங்ஸில் கட்டியது. பின்னாளில், உரிமையாளர்கள் கைவிட்டு நகராட்சி வசம் வந்த கட்டடங்களை, அங்கே குடியிருந்த ஏழைகளே ஒரு வீட்டுக்கு 250 டாலர் என்று வாங்கி நடத்தினார்கள். வீட்டுக்காரர் தயவு இல்லாமல் வாழத்தான் இத்தனை பாடு. அந்த வீட்டுக்காரர் இடத்தில் இன்று ஒரு போர்டு உட்கார்ந்துகொண்டு, அவரைவிட மௌனமாகக் கதவைச் சாத்தினால் அது கூட்டுறவா?

தீர்வு ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. இரண்டே விஷயங்கள். குறைந்தபட்ச வருமானம் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். வழக்கு வரும் என்று பயப்படும் போர்டுகள் உண்டு. நேர்மையான காரணம் இருப்பவருக்கு அதை எழுதித் தருவதில் என்ன பயம்? கடற்காற்று வரும் ஒற்றை அறைக்குக் கட்டுப்பாடுகள் இருக்கட்டும். அந்தக் கட்டுப்பாடுகள் என்னவென்று கதவைத் தட்டுபவருக்கும் தெரியட்டும்.