அரைவயிற்றுக்கு அறிவுரையா?

‘வரவறிந்து செலவு செய்க, செட்டாக வாழ்க, வேண்டாதவற்றை விலக்குக!’ என்று அடுக்களைப் பெண்களுக்கு அறிவுரை கூறுவது இக்கால் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கிழமையிதழ்கள் அதற்கெனப் பக்கம் ஒதுக்குகின்றன. தொலைக்காட்சியில் பட்டுடுத்திய பொருளியல் வல்லுநர்கள் பாடம் நடத்துகின்றனர். வைப்பகங்களோ வழவழப்பான தாளில் துண்டறிக்கை அச்சிட்டு வழங்குகின்றன. வருவாயில் 50 விழுக்காட்டைத் தேவைக்கும், 30 விழுக்காட்டை விருப்பத்திற்கும், 20 விழுக்காட்டை நாளைக்கும் ஒதுக்குதல் வேண்டுமாம்! அமெரிக்க நாட்டில் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் எழுதி வெளியிட்ட பொத்தகம் ஒன்றன்வழி உலகெங்கும் பரவிய கணக்கு இது. அந்நாட்டு நடுத்தரக் குடியினர்க்கு அவ்வம்மையார் எழுதியதில் யாம் குற்றங் காணவில்லை. அதனை அப்படியே பெயர்த்துக் கொணர்ந்து, கிழமைக் கூலிக்கு உழைக்கும் தமிழச்சியின் தலையிற் கட்டுகின்றார்களே, அவர்களைத்தாம் கேட்கின்றோம்: விருப்பத்திற்கு 30 விழுக்காடு எங்கே இருக்கின்றது?

நாமக்கல் மாவட்டத்து விசைத்தறிச் சிற்றூர் ஒன்றில், அண்மையில் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் குறிப்பேட்டைப் பார்க்க வாய்த்தது. பிள்ளை எழுதித் தீர்த்த பள்ளி ஏட்டின் எஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்த ஏடு அது. கணவர் தறி ஓட்டுகின்றார். மனைவி தார் சுற்றுகின்றார். இடப்பக்கம் இருவர் கூலி, வலப்பக்கம் செலவு. ஐந்தாண்டுப் பதிவுகள் அதில் இருந்தன. எந்த வல்லுநரும் கற்பிக்காமலேயே அவ்வம்மையார் எத்துணைச் செட்டாகக் குடும்பம் நடத்தியுள்ளார் என்பது பக்கத்திற்குப் பக்கம் விளங்கிற்று. ஓர் இலிட்டராக இருந்த பால் அரை இலிட்டராகிப் பின்னர்க் கால் இலிட்டராகியிருந்தது. கடலை எண்ணெய் என்னும் சொல் இரண்டாம் ஆண்டிற்குப் பின் ஏட்டிலேயே இல்லை. பாமாயில் எனப்பெறும் செம்பனை எண்ணெயே அதன் இடத்திற்கு வந்துவிட்டது. கிழமைக்கொரு முறை வாங்கிய மீன் திங்களுக்கொரு முறையானது. குளிக்க வெந்நீர் வைப்பது விறகடுப்பிற்கு மாறிற்று. ஊரார் சிலிண்டர் என்று சொல்லும் எரிவளி உருளை இரண்டு திங்கள் வருதல் வேண்டுமே! செவ்வாய்தோறும் ‘குழுக்கடன்’ என்றொரு வரி மட்டும் ஐந்தாண்டிலும் தவறவேயில்லை.

“இதற்குமேல் எதைக் குறைக்கட்டும், அண்ணா? நீங்களே சொல்லுங்கள்” என்றார் அவர்.

எமக்கு மறுமொழி தோன்றவில்லை. ஏட்டில் எழுதப்பெறாத குறைப்பு ஒன்றும் உண்டு என்பது பேச்சிடையே தெரியவந்தது. எல்லாரும் உண்டபின் எஞ்சியதை அவர் உண்கின்றார். எஞ்சாத நாளில் நீராகாரம். 2019-21இல் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைக்குட்பட்ட பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். அதற்கு நோய், மகப்பேறு எனக் கரணியங்கள் பலவாகலாம். ஆயினும், பருப்பும் பாலும் கீரையும் குறைந்த வீட்டில் அக்குறை முதன்முதல் யாருடைய உண்கலத்திற் போய் விழுகின்றது என்பதை அறிய மருத்துவம் படித்திருக்க வேண்டுவதில்லை. ‘வேண்டாதவற்றை விலக்குக’ என்னும் அறிவுரை இந்நாட்டு அடுக்களைக்குள் நுழையும்பொழுது, விலக்கப்பெறுவது அடுக்களையில் நிற்பவளின் சோறே!

விலையேற்றம் மழையும் வெயிலும்போல் தானே வருவதன்று. அதனைக் கொணர்ந்த கைகள் உண்டு. எரிவளியையே எடுத்துக்கொள்வோம். 14.2 கிலோ உருளையொன்று 2020 மே திங்களில் சென்னையில் 569 உருபா 50 காசு. 2023 மார்ச்சில் அது 1118 உருபா 50 காசு. மூன்றாண்டிற்குள் ஏறத்தாழ இருமடங்கு! பெரும்பாலோர்க்கு வந்துகொண்டிருந்த மானியமும் இடையில் ஓசையின்றி மறைந்தது. பின்னர், 2023 ஆகத்து 30இல் 200 உருபாவும், 2024 மார்ச்சு 8இல் மகளிர் நாள் பரிசென 100 உருபாவும் குறைத்தனர். அடுத்த திங்களே நாடாளுமன்றத் தேர்தல். தேர்தல் முடிந்தது, 2025 ஏப்பிரல் 8இல் 50 உருபா ஏறிற்று. பரிசளித்த கையே பறித்தும் கொண்டது.

‘உலகச் சந்தையில் விலை உயர்ந்துவிட்டது, நாங்கள் என் செய்வோம்?’ என்பர். 2022இல் உயர்ந்தது உண்மையே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் 2020இல் என்ன நடந்தது? நோய்த்தொற்றால் உலகமே முடங்கிப் பண்படா எண்ணெய் விலை பாதாளத்தில் வீழ்ந்த பொழுது, அவ்விறக்கம் நம் வீட்டிற்கு வந்ததா? வரவில்லை. அவ்வாண்டு மார்ச்சிலும் மேயிலும் பெட்ரோல் என்னும் கன்னெய்க்கு இலிட்டருக்கு 13 உருபாவும், டீசலுக்கு 16 உருபாவும் தீர்வையை உயர்த்தி, அவ்விறக்கத்தை நடுவணரசே விழுங்கிக்கொண்டது. ஏறினால் மக்கள் தலையில். இறங்கினால் அரசின் பையில்! டீசல் விலை சரக்குந்தோடு நிற்பதில்லை. ஒட்டன்சத்திரத்துத் தக்காளியிலும் உப்பிலும் உருளைக்கிழங்கிலும் ஏறிக்கொண்டு, இறுதியில் அந்தத் தைத்த ஏட்டின் வலப்பக்கத்திற்குத்தான் வந்து சேர்கின்றது.

அவ்வாறு பெற்ற தீர்வையேனும் நமக்குத் திரும்பிற்றா? 2021 பெப்ரவரிக்குப்பின் ஓர் இலிட்டர் கன்னெய்க்கு நடுவணரசு பெற்ற தீர்வை 32 உருபா 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய அடிப்படைத் தீர்வை எவ்வளவு தெரியுமா? 1 உருபா 40 காசு! எஞ்சியவை மேல்வரி, சிறப்புத் தீர்வை என்னும் பெயர்களில் இருந்தமையால் பங்கீட்டிற்கு உட்படாதவை. அந்த 1 உருபா 40 காசும் எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்ந்த குவியலுக்குப் போய், அதில் ஒரு பகுதி பிரிக்கப்பெற்று, அப்பகுதியிலும் தமிழ்நாட்டிற்கு 15ஆவது நிதிக்குழு ஒதுக்கிய பங்கு 4.079 விழுக்காடு. 2011 கணக்குப்படி நம் மக்கள்தொகை இந்திய மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 விழுக்காடு. தார் சுற்றும் பெண்ணுக்குச் செட்டுக் கற்பிக்கும் வல்லுநர் எவரும் இக்கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டி யாம் கண்டதில்லை.

உண்ணும் அரிசியையும் விட்டார்களில்லை. 2022 சூலை 18 முதல், பொதிந்து பெயரொட்டி விற்கும் அரிசி, பருப்பு, மாவு முதலியவற்றுக்கு 25 கிலோ வரையிலான பொதிகளுக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பெற்றது, தயிருக்கும் மோருக்குங்கூட. நம் ஆலையரிசி வணிகர் என்ன செய்தனர்? 26 கிலோ மூட்டை கட்டினர்! ஒரே வீச்சில் 26 கிலோ வாங்க வல்லவர்க்கு வரியில்லை. கூலி வந்த நாளில் 5 கிலோ பொதி வாங்குவோர்க்கு வரி. ஏழைக்கு வரியும் உடையவர்க்கு விலக்குமாக ஒரு சட்டத்தை இதைவிடத் திறமையாக வகுக்க முடியுமா? வழலைக்கும் பற்பசைக்கும் தலையெண்ணெய்க்கும் 2017 சூலை தொடங்கி எட்டாண்டுகள் 18 விழுக்காடு பெற்றுவந்து, 2025 செபுதம்பர் 22இல் அதனை 5ஆகக் குறைத்துவிட்டு, விழா எடுத்தனர். எட்டாண்டு பெற்றதைப் பற்றி விழாவில் எவரும் பேசவில்லை.

தில்லியை மட்டும் சாடிவிட்டுச் சென்னையை விட்டுவிடுதல் நடுநிலையாகாது. மகளிர்க்குப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், 2022இல் தொடங்கிய பள்ளிக் காலையுணவு, 2023இல் தொடங்கிய திங்களுக்கு 1000 உருபா உரிமைத்தொகை ஆகியவை அவ்வேட்டின் இடப்பக்கத்தைச் சற்றே உயர்த்தின என்பதை அவ்வம்மையாரே சொன்னார். ஆனால் மின்கட்டணம்? இரண்டு திங்களுக்கு 500 அலகு எரித்த வீடு கட்டிவந்த 1130 உருபா, 2022 செபுதம்பர் 10 முதல் 1725 உருபா ஆயிற்று. 2024 சூலையில் மேலும் 4.83 விழுக்காடு ஏறிற்று. இதிலுள்ள சூழ்ச்சியையும் அன்பர்கள் அறிந்துகொள்ளல் நலம். 500 அலகைத் தாண்டிவிட்டால் இடைப்பட்ட அலகுகளுக்குரிய குறைந்த கட்டணமும் பறிபோகின்றது. 2022 கணக்குப்படி 500ஆவது அலகு வரை 1725 உருபா. 501ஆவது அலகு எரிந்தால் 1958 உருபா. ஒரே ஓர் அலகின் விலை 233 உருபா! கணக்கெடுத்த நாளிலிருந்து 45ஆம் நாளில் அளவியைப் பார்த்து, 500ஐ நெருங்கியிருந்தால் கையை இறுக்கிக்கொள்ளுங்கள். வழவழப்புத் தாள்களில் இல்லாத, மெய்யாகவே பயன்படும் செட்டு இது ஒன்றுதான் எமக்குத் தெரியும்.

இனி நம்மவரையும் ஒரு சொல் கேட்க வேண்டியுள்ளது. அன்பர்கள் சினங்கொள்ளற்க. அதே ஏட்டில், பாலைக் குறைத்த அதே திங்களில், பள்ளிக் கட்டணம் என்னும் வரி புதிதாகத் தோன்றி, குடிக்கூலியையும் விஞ்சி நின்றது. அரசுப் பள்ளியிற் படித்த பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றியிருந்தனர். காலையுணவும் பொத்தகமும் சீருடையும் விலையின்றிக் கிடைத்த இடத்தை விட்டு, கழுத்துப்பட்டைக்கும் காலணிக்கும் தனித்தனியே பணம் பெறும் இடத்திற்கு! அந்தத் தாயை யாம் பழிக்கமாட்டோம். தமிழில் படித்தால் பிழைப்பில்லை என்று அவரை நம்ப வைத்தவர்கள் ஆட்சியிலும் அலுவலகங்களிலும் உயர்ந்த இருக்கைகளில் இருக்கின்றனர். ஆனால், மேடையில் தமிழ்வழிக் கல்வி பேசிவிட்டுத் தம் பிள்ளையை மட்டும் ஆங்கிலவழிக்கு அனுப்பும் நம் தோழர்களுக்கு அந்தப் பொறுத்தலும் இல்லை. திருமணமும் அவ்வாறே. அழைப்பிதழில் ஒரு வடசொல் புகாமற் காத்துவிட்டு, கூடத்திற்கும் விருந்திற்கும் பொன்னுக்கும் ஐந்தாண்டுக் கடன் வாங்குவது எவ்வகைத் தனித்தமிழ்? அக்கடனை அடைக்க அடுக்களையில் யார் வயிறு காய்கின்றது?

இவ்விதழ் படிப்போர் செய்யத்தக்கதொன்று கண்முன் இருக்கின்றது. 2007 முதல் நடைபெற்றுவரும் சிறப்புப் பங்கீட்டுத் திட்டத்தில், ஒரு கிலோ துவரம்பருப்பு 30 உருபாவிற்கும் ஓர் இலிட்டர் செம்பனை எண்ணெய் 25 உருபாவிற்கும் பங்கீட்டுக் கடைகளில் தரப்பெறுகின்றன. வெளிச்சந்தையில் பருப்பு நூற்றுக்கு மேல் விற்கும் நாளில், ஏழைக் குடும்பத்தின் குழம்பு இந்த ஒரு கிலோவில்தான் நிற்கின்றது. அதுவும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. 2024 மே திங்களில், தேர்தலால் கொள்முதல் தாழ்ந்ததென்று சொல்லி, பலர்க்கு அடுத்த திங்களில்தான் கொடுத்தனர். அவ்வேட்டில் ‘கடைக்குப் போனேன், பருப்பு இல்லை’ என்று மூன்றிடங்களில் எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் எதிரேயும் இடப்பக்கத்தில் அரைநாட் கூலி குறைந்திருந்தது.

வரும் ஊர்மன்றக் கூட்டத்தில் உங்கள் ஊர்க் கடையின் இருப்பேட்டை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை அட்டைக்கு எத்தனை கிலோ வந்தது, எந்நாளில் வந்தது, எந்நாளில் தீர்ந்தது என்று கேளுங்கள். விடை தராவிடின், தரவில்லை என்பதையே தீர்மானமாக எழுதி வாங்குங்கள். தார் சுற்றும் அவ்வம்மையாரிடம் இதனைச் சொன்னோம். அன்றைய அரைநாட் கூலி போனாலும் போகட்டும், தைத்த ஏட்டோடு தாம் வருவதாகக் கூறியிருக்கின்றார்.