மன்னித்தவர் யார்? மாண்டவர் யார்?

ஏரி வற்றிற்று, ஏர் சாய்ந்தது. கங்காணியின் சொல்லை நம்பி, புதுக்கோட்டைச் சீமையின் உழைப்பாளர் கப்பலேறினர். மலேயாவின் பால்மரக் காடுகள் அவர்தம் வியர்வையைக் குடித்தன. 1942-இல் ஜப்பானியப் படை அந்நாட்டைப் பிடித்தது. தோட்டத் துரைமார் ஓடினர். தோட்டத் தமிழர் அகப்பட்டனர். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட, ஆடுமாடுகளைப்போல் ரயில்பெட்டிகளில் அடைத்து அவர்களை அனுப்பினர்.

அங்கே காலராவும் பட்டினியும் வாரிக்கொண்டு போயின. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 90,000 பேர் என்பர். மலேயாவிலிருந்து சென்றவருள் பெரும்பகுதி தமிழரே. காஞ்சனாபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தமிழனுக்கு? காட்டிலே குழி, கணக்கிலே கூலி!

போர் ஓய்ந்தது, பேரம் தொடங்கிற்று. 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16-ஆவது விதி, ஜப்பானின் சொத்திலிருந்து போர்க்கைதிகளுக்கு ஈடு தேடித் தந்தது. கூலிக்கு அதில் இடமில்லை. அம்மாநாட்டில் இலங்கையின் ஜெயவர்த்தனா, புத்தர் மொழியைச் சொல்லி இழப்பீடு வேண்டாமென்றார். புத்தர் பாவம், இதற்கும் சாட்சியாக்கப்பட்டார்!

மாநாட்டுக்குப் போகாத டில்லி, 1952 ஜூன் 9-இல் டோக்கியோவில் தனி உடன்படிக்கை செய்தது. அதன் 6-ஆவது விதி, அரசின் உரிமையை மட்டுமா கைவிட்டது? குடிமக்களின் கோரிக்கைகளையும் சேர்த்தே கைவிட்டது! இந்தியாவிலிருந்த ஜப்பானியர் சொத்தைத் திருப்பித் தரவும் ஒப்பியது. பெருந்தன்மையாம்! யாருடைய பொருளைக் கொண்டு? அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும், போனவன் வருவான் என்று வழிபார்த்திருந்தவளை ஒரு சொல் கேட்டீரா?

‘பழிவாங்கச் சொல்கிறீரா?’ என்பர். அன்று. ஹிரோஷிமாவில் வெந்தவரும் நம்மையொத்த ஏழைகளே. ஆயினும், நேற்றுவரை அடிமைப்பட்டிருந்த பர்மா, 1954-இல் 20 கோடி டாலர் ஈடுபெற உடன்பாடு கண்டதே. நட்பு முறிந்தா போயிற்று? மன்னிப்பது அடிபட்டவனின் உரிமை. அதை அமைச்சர் எடுத்து வழங்குவது கொடையன்று.

1967-இல் மலேசியா, ‘இரத்தக் கடன்’ என்று மக்கள் முழங்கியபின், 2.5 கோடி மலேசிய டாலர் அளவில் பேசி முடித்தது. வந்தவை சரக்குக் கப்பல்கள் இரண்டு. கப்பலேறிப் போனவனுக்கு ஈடாகக் கப்பல்! அவன் வீட்டுக்கு அதில் பங்கில்லை.

ஊரிலே அவளுக்குக் கிடைத்த ஆறுதல், ‘தலையெழுத்து’ என்ற ஒரு சொல். எழுதியவர் எவர் என்பதை நாம் மேலே காட்டிவிட்டோம்.

தோழர்களே! திருமயம், குளத்தூர், இலுப்பூர் என ஊர் ஊராகச் செல்வோம். திண்ணையில் முதியோர் இருக்கும்போதே கேட்டெழுதுவோம்: போனவர் பெயர், ஊர், கப்பலேறிய ஆண்டு, கடைசிக் கடிதம் வந்த நாள்.