தண்டால் தண்டனையா?

உடல் நமக்கு இறைவன் அளித்த அமானிதம். அதனைப் பேணிக் காத்தல் நம் கடமை. நம்பிக்கையாளர் எல்லாரிடத்தும் நன்மை உண்டு எனினும், வலிமை மிக்க நம்பிக்கையாளரே இறைவனுக்கு மிகவும் உவப்பானவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய நெறி.

இன்று நம் மாணவர்கள் உடற்பயிற்சிக் கூடங்களை நாடிச் செல்வது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், பளு தூக்குவதில் காட்டும் ஆர்வத்தை அவர்களுள் பலர் தண்டாலில் காட்டுவதில்லை. காரணம் யாது? வகுப்புக்குப் பிந்தி வந்தவனையும் அணிவகுப்பில் அடி தவறியவனையும் இருபது தண்டால் எடுக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பயிற்சி தண்டனையானபின் அதன்பால் விருப்பம் எங்ஙனம் பிறக்கும்?

தண்டாலின் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதில் உடல் எடையின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினைக் கைகள் தாங்குகின்றன. 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 40 கிலோவை உயர்த்துகிறார். மார்பும் தோளும் மேற்கையின் பின்புறத் தசையும் ஒருங்கே உழைக்கின்றன. பலகையில் மல்லாந்து பளுவை உயர்த்துகையில் தோள்பட்டை எலும்புகள் பலகையில் அழுந்திக் கிடக்கின்றன. தண்டாலிலோ அவை தடையின்றி அசைகின்றன. உடலை நேராக நிறுத்த வயிற்றுத் தசைகளும் உறுதி பெறுகின்றன. ஆகவே, பளுப்பயிற்சிக்குத் தண்டால் பகையன்று, உற்ற துணை.

1910இல் இலண்டனில் அமெரிக்க மல்லர் ரோலரையும், 1928இல் பாட்டியாலாவில் போலந்து மல்லர் ஸிபிஸ்கோவையும் வென்ற காமா பயில்வான் என்னும் குலாம் முகம்மது, தண்டாலையும் பஸ்கியையும் அன்றாடப் பயிற்சியாகக் கொண்டவர். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர் 1,104 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. நாற்பதுக்கு மேல் தண்டால் எடுக்க வல்லோர்க்கு, பத்துக்கும் குறைவாக எடுத்தோரைவிட இதயநோய் மிகக் குறைவாகவே காணப்பட்டது. தண்டால் ஒன்றே அதற்குக் காரணம் என நாம் கூறவில்லை. உடல் தகுதியை அளக்கும் எளிய அளவுகோல் அது என்கிறோம்.

தண்டால் மட்டும் போதும் என்பதும் நம் கருத்தன்று. முதுகுக்கும் கால்களுக்கும் உரிய பயிற்சிகளும் உடன் வேண்டும். இயலாதோர் சுவரில் கையூன்றியோ, முழங்காலைத் தரையில் ஊன்றியோ தொடங்கலாம். மாணவியர்க்கும் முதியோர்க்கும் இவ்வழி ஏற்றது. விடுதி மாணவர் சுப்ஹுத் தொழுகைக்குப்பின் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். கருவி வேண்டா, கட்டணமும் வேண்டா.

ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. தண்டனைப் பட்டியலிலிருந்து தண்டாலை நீக்குவோம். பயிற்சிப் பட்டியலில் அதற்குரிய இடத்தை அளிப்போம். வலிமையும் நற்பண்பும் ஒருங்கே வாய்ந்த தலைமுறை உருவாக வல்ல இறைவன் அருள்புரிவானாக!